வேண்டாம் என்னும் உரிமை



சொத்துக்காகச் சண்டை போடுகிறவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். சொத்தை வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பற்றிப் பேச இன்றைய பொழுதை எடுத்துக்கொள்கிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன கடனைக் கண்டு பயந்து, “அவர் சொத்தும் வேண்டாம், கடனும் வேண்டாம்” என்று நிற்கும் மகன் ஒருவர். “நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இன்னும் என்ன?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பங்கை விட்டுவிடும் மகள் ஒருவர். எனக்குச் சம்பளம் இருக்கிறது, அம்மா கடைசிவரை அந்த வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று மனமார விட்டுக்கொடுக்கும் பிள்ளை ஒருவர். மூன்று பேர் சொல்வதும் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்தான். சட்டத்தின் முன்னும் மனசாட்சியின் முன்னும் அது மூன்று வேறு செயல்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன இருக்கிறது, அதில் தமக்கு எவ்வளவு என்று தெரிந்தவரால்தான் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடியும். தெரியாமல் போட்ட கையெழுத்தை மறுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தெளிவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் பெற்றோர்கள்.

சென்ட் கணக்குக்கு வந்த ஊர்

இதை ஏன் ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் நின்று பேச வேண்டும்? ஏரிப் பாசனமும் மானாவாரியுமாக இருந்த பகுதி இது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை தொடங்கியது. 2012இல் டைம்லரின் லாரி ஆலை. ஏக்கர் கணக்கில் பேசிய மக்கள் சென்ட் கணக்கில் பேசத் தொடங்கினார்கள்.

நிலத்தின் விலை ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. நிலத்தின் காகிதங்கள் அதே வேகத்தில் மாறவில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். காலத்தில் சர்வே எண் தவறாக ஏறியிருக்கும். தாத்தாவின் வாரிசுகளில் சிலர் இறந்து, அவர்களுடைய வாரிசுகள் ஊர் ஊராகச் சிதறியிருப்பார்கள். சாலைக்கோ தொழிற்பூங்காவுக்கோ நிலம் எடுக்க அரசு அறிவிப்பு வரும்போதுதான் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி முதன்முறையாக அந்த வீட்டுக்குள் நுழைகிறது. அப்போது ஆளுக்கொரு கையெழுத்து தேவைப்படுகிறது. பங்கில் தகராறு என்றால் இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ஆலைகளில் வேலை செய்யும் பல்லாயிரம் பேர் திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, தென் மாவட்டங்கள் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு காணி, ஒரு ஓட்டு வீடு, அதில் ஒரு பங்கு இருக்கிறது. “பொங்கல் லீவுல வரும்போது ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்று போன் வருகிறது. எதற்குக் கையெழுத்து என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்காமலே வந்து சேரும் பங்கு

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஒவ்வொருவருக்கும் சம பங்கு. மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள், வயதான தாய் என ஆறு பேரை விட்டுவிட்டு ஒருவர் இறந்தால், அவர் சம்பாதித்த ஓர் ஏக்கர் நிலம் ஆறு பங்காகிறது; ஆளுக்குப் பதினாறு சென்டுக்குச் சற்று மேல். இதற்கு யாரும் மனுப் போட வேண்டியதில்லை. உயிர் பிரிந்த அந்த நொடியில் பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்று காட்டும் தாள், அவ்வளவுதான். பங்கு அதற்கு முன்பே வந்தாயிற்று.

இதில் பலரும் மறந்துபோவது பாட்டியை. இருசக்கர வண்டியில் வேலைக்குப் போன இளைஞர் சாலை விபத்தில் இறந்துபோகும் துயரம் இந்தப் பகுதிச் சாலைகளில் நாம் அறியாததல்ல. அவருடைய சொத்தில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இருக்கும் அதே அளவு பங்கு அவருடைய தாய்க்கும் உண்டு. தந்தைக்கு அந்த வகுப்பில் இடமில்லை. இந்த விவரம் தெரியாமல் மருமகளும் மாமியாரும் எதிரெதிரே நிற்கிறார்கள். குழந்தைகளின் பங்கை அவர்கள் சார்பில் தாயே விட்டுக்கொடுத்துவிடவும் முடியாது. மைனரின் அசையாச் சொத்தைக் கைமாற்ற நீதிமன்ற அனுமதி வேண்டும்.

மகள்களின் பங்குக்கு இந்த மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தீர்மானத்துக்கு அறுபது ஆண்டு கழித்து, 25.3.1989 முதல் தமிழ்நாடு அரசு பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை தந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்கள் விடுபட்டார்கள். 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தனை பேர் போராடிப் பெற்ற பங்கை ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். அது அவருடைய பெருந்தன்மை. அவர் கையில் அது இருந்தது என்பதையே சொல்லாமல் வாங்கிக்கொள்வது அநியாயம்.

அப்பாவின் கடன்

கடனுக்கு வருகிறேன். இங்கே ஆலை வைத்திருக்கும் நாடுகளின் சட்டத்தைப் பார்த்தால் நம்முடையதன் தன்மை விளங்கும். கொரியாவிலும் ஜப்பானிலும் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தோடு கடனும் வாரிசுகளைச் சேரும். வேண்டாம் என்றால், தகவல் தெரிந்து மூன்று மாதத்துக்குள் குடும்ப நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் கடனை ஏற்கிறேன்’ என்று சொல்லும் வழியும் அங்கே உண்டு. ஜெர்மனியில் பொதுவான கெடு ஆறே வாரம். கெடுவைத் தவறவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

நம் நாட்டில் அப்படிக் கெடு வைத்த மறுப்பு முறை இல்லை. அதற்கு ஈடாக ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இறந்தவரின் கடனுக்கு வாரிசு பொறுப்பேற்பது அவரிடமிருந்து தம் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 பிரிவுகள் இதைச் சொல்கின்றன. அப்பா ஐந்து லட்சம் கடனும் ஒரு லட்சம் மதிப்புள்ள பொருளும் விட்டுச் சென்றால், மகனின் பொறுப்பு அந்த ஒரு லட்சத்தோடு முடிகிறது. ஆலையில் அவர் வாங்கும் சம்பளத்தில் கைவைக்க முடியாது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்ற பழைய இந்து சட்டக் கோட்பாட்டை மட்டும் காட்டி, 9.9.2005க்குப் பிந்தைய கடனுக்காக மகன்மேல் வழக்குப் போட முடியாது என்பதையும் அந்த 2005 திருத்தம் உறுதி செய்துவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால் வங்கி அந்த வீட்டை ஏலம் விடலாம். அந்த உரிமை சாவோடு போவதில்லை. நீங்களே இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்கள் கடன். ஆகவே, துக்கம் விசாரிக்க வருவதுபோல் வந்து, “சும்மா ஒரு கையெழுத்து, கணக்கைப் புதுப்பிச்சுடலாம்” என்று யாராவது தாளை நீட்டினால், படிக்காமல் போடாதீர்கள். அதுவரை உங்களுடையதாக இல்லாத கடன் அந்த ஒரு கையெழுத்தில் உங்களுடையதாகிவிடும்.

தேவவிரதனிடம் கேட்கப்பட்ட கேள்வி

தந்தை உயிரோடிருக்கும்போதே பிள்ளை பங்கை மறுக்க முடியுமா? காஞ்சிபுரத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சந்தனு சத்தியவதியை மணக்க விரும்பியபோது, அவள் வயிற்றுப் பிள்ளைக்கே அரசு என்று கேட்டார் அவளுடைய தந்தையான மீனவர் தலைவர். சந்தனுவின் மகன் தேவவிரதன் தன் பட்டத்தைத் துறப்பதாக வாக்களித்தான். அந்த மனிதர் அதோடு விடவில்லை. “நீ சொன்ன சொல் தவற மாட்டாய், உன் பிள்ளைகள் வந்து கேட்டால்?” என்றார். அதற்கு விடையாகத்தான் தேவவிரதன் காலமெல்லாம் மணம் செய்யாத பீஷ்மன் ஆனான்.

அந்த மீனவர் கேட்டது அசல் சட்டக் கேள்வி. சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 6(அ) பிரிவுப்படி, நாளைக்கு வாரிசாகலாம் என்ற வெறும் வாய்ப்பை யாரும் யாருக்கும் எழுதித் தர முடியாது. தந்தை தாம் சம்பாதித்த சொத்தை விற்கலாம், தானம் தரலாம். அவர் இருக்கும்வரை அதில் பிள்ளைக்கு உரிமை பிறப்பதில்லை. பிறக்காத உரிமையை எப்படி விடுவது?

ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதினால் கதை மாறுகிறது. ஏழுமலை எதிர் கமலா என்ற தமிழ்நாட்டு வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. தந்தை உயிரோடிருந்தபோது, 1975இல், முதல் மனைவியின் மகன் தொகை பெற்றுக்கொண்டு, பங்கை விட்டுவிடுவதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். தந்தைக்கு முன்பே அந்த மகன் இறந்துவிட்டார். 1988இல் தந்தையும் இறந்தபின், மகனின் பிள்ளைகள் பங்கு கேட்டார்கள். அந்தப் பத்திரம் தன்னளவில் எந்த உரிமையையும் மாற்றவில்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் பலனைப் பெற்றுக்கொண்டவர் பின்னால் மாற்றிப் பேச முடியாது, அவர் வழியில் வரும் பிள்ளைகளும் பேச முடியாது என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு மார்ச்சில் கொரிய உச்ச நீதிமன்றமும் இதன் மறுபக்கத்தைத் தொட்டது. பிள்ளைகள் எல்லோரும் கடனுக்குப் பயந்து மறுத்துவிட்டால் அது பேரப்பிள்ளைகள் தலையில் விழும் என்ற தன் முந்தைய நிலைப்பாட்டை மாற்றி, இறந்தவரின் வாழ்க்கைத்துணை மட்டுமே வாரிசு என்று முடிவு செய்தது. நான் வேண்டாம் என்று சொன்னால் என் குழந்தைக்கு என்ன ஆகும் என்பது மறுக்கும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஏழுமலை தீர்ப்பை மனத்தில் வைத்துப் பார்த்தால், பிறந்த வீட்டில் செய்த சீரை வாய்வார்த்தையாகப் பங்குக்கு ஈடு என்று சொல்வது ஒன்று. ரொக்கம் பெற்றதாக எழுதிய பத்திரத்தில் கையெழுத்திடுவது முற்றிலும் வேறொன்று.

விடுதலைப் பத்திரம்

பெற்றவர் மறைந்தபின், வந்த பங்கை விட்டுக்கொடுக்க நம்மிடம் இருக்கும் கருவி விடுதலைப் பத்திரம். நிலம், வீடு என்றால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன் சொன்னதும், வெள்ளைத்தாளில் எழுதியதும், நோட்டரி முத்திரை வைத்ததும் போதாது. குடும்பத்தினருக்குள் எழுதுவதற்குச் சந்தை மதிப்பில் ஒரு சதவீதம் முத்திரைத் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஜூலை உயர்வின்படி தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், கட்டணத்துக்கு 10,000 ரூபாய். யார் பெயருக்கு விடுகிறோம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். ‘எனக்கு வேண்டாம்’ என்பது மட்டும் போதாது; ‘இன்னாருக்கு’ என்பது வேண்டும்.

நான் அருகில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி வந்த ஒரு பெண்; கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் இரவு விழித்த சிவப்பு. அண்ணன் பத்திரத்தைத் தயாராக அடித்துக் கொண்டுவந்திருந்தார். “வீட்டுக்கு மட்டும்தான் சார். அம்மா இருக்கற வீடு. அதுல எனக்கு எதுக்குப் பங்கு?” என்றார் அந்தப் பெண். பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் எழுதும் தபசிலைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு அயிட்டங்கள் இருந்தன. முதலாவது வீடு. இரண்டாவது வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை நின்ற மனை. மூன்றாவது புன்செய், முப்பத்திரண்டு சென்ட், கிழக்கு எல்லை நெடுஞ்சாலை. நான்காவது கிணற்றில் பாத்தியதை. விடுபவர் அவர், பெறுபவர் அண்ணன். அம்மா பெயர் எங்குமே இல்லை. மூன்றாவது அயிட்டத்தை இருமுறை படிக்கச் சொன்னார் அந்தப் பெண். பிறகு அண்ணனிடம் திரும்பி, கோபமில்லாமல், “இத ஏன் அண்ணா சொல்லல?” என்று கேட்டார். அண்ணன் தலைகுனிந்து நின்றார். அன்று பத்திரம் பதிவாகவில்லை. பின்னொரு நாள் வீட்டில் தம் பங்கை மட்டும் அம்மா பெயருக்கு விடுதலை எழுதிக் கொடுத்தார். நிலத்தில் தம் பங்கை வைத்துக்கொண்டார். அண்ணன் தங்கை உறவு அதனால் அறுந்துவிடவில்லை. தெரிந்து கொடுத்தவர், தெரிந்து வைத்துக்கொண்டவர் என்ற மரியாதை அந்த வீட்டில் அவருக்குக் கூடியது.

அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அம்மா உயில் எழுதாமல் இறந்தால், அந்தச் சொத்து அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் மீண்டும் பங்காகும். வேண்டாம் என்று விட்டவருக்கும் ஒரு பங்கு திரும்பி வரும். விடாதவருக்கும் கூடுதலாக வரும். அம்மாவின் காலத்துக்குப் பிறகு என்ன என்பதை அம்மாவே எழுதிவைத்தால்தான் உங்கள் விட்டுக்கொடுப்பு நீங்கள் நினைத்த இடத்தில் போய்ச் சேரும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

இனி என் வயதை ஒத்தவர்களிடம் பேசுகிறேன். “நான் போனப்புறம் அடிச்சுக்கட்டும்” என்று சொல்வதை நிறுத்துவோம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற பேச்சையும் விடுவோம். உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட வேண்டும். அதை நேரில் கண்ட இருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக, பங்கு எதுவும் பெறாதவர்களாக இருக்கட்டும்.

உயிலில் வருவதையும் பிள்ளை மறுக்கலாம் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 122, 123 பிரிவுகள் இதைப் பேசுகின்றன. சுமையும் பலனும் ஒரே கொடையாகப் பிணைந்திருந்தால், சுமையைத் தள்ளிவிட்டுப் பலனை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனிக் கொடைகளாக எழுதியிருந்தால், ஒன்றை மறுத்து மற்றதை ஏற்கலாம். வழக்கில் சிக்கிய மனையையும் வங்கியில் உள்ள வைப்புத்தொகையையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள்.

வாழும்போதே சொத்தைப் பிள்ளைக்கு எழுதித் தரும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதுபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அது எழுதிப் பதிவு செய்த உடனே நடைமுறைக்கு வருகிறது. நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. வாழும்வரை அனுபவிக்கும் உரிமை எனக்கு, என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற இரண்டு வாசகங்களையும் அதில் எழுதிவையுங்கள். பராமரிக்காவிட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். 2025 ஜனவரி 2 அன்று ஊர்மிளா தீட்சித் வழக்கில் அப்படிப்பட்ட ஒரு தானப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, சொத்தைத் தாயிடம் திருப்பித் தரச் சொன்னது.

ஆலைத் தொழிலாளர்கள் வருங்கால வைப்புநிதியிலும் வங்கிக் கணக்கிலும் நியமனதாரர் பெயரைச் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் கொடுத்த பெயர் அப்படியே கிடக்கக்கூடும். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நியமனதாரர் என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவரே தவிர உரிமையாளர் அல்ல என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, உங்கள் பெயரில் இருப்பதையும் நீங்கள் கொடுக்க வேண்டியதையும் எழுதுங்கள். சர்வே எண், தாய்ப்பத்திரம் இருக்கும் இடம், நகை அடகு ரசீது, சுயஉதவிக் குழுக் கடன், யாருக்கு ஜாமீன் நின்றீர்கள் என்பது வரை வரட்டும். பிறகு பிள்ளைகள் எல்லோரையும், மணமாகிப்போன மகளையும் சேர்த்து, ஒரே நாளில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். “உனக்கு என்ன வேணும், என்ன வேணாம்?” என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். மகளை அவளுடைய அண்ணன் தம்பி இல்லாத நேரத்தில் தனியாக இன்னொரு முறை கேளுங்கள். அப்போது அவள் வேண்டாம் என்றால், அது அவளுடைய சொல்.

மாணவர்களே, இளம் தொழிலாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோரிடம் இந்த நோட்டுப் பேச்சை நீங்களே தொடங்குங்கள். சொத்துக்கு ஆசைப்படுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். கடனை மறுக்கவும், பங்கைக் கேட்கவும், விரும்பினால் முழுமனத்தோடு விட்டுக்கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு; மூன்றையும் செய்யத் தேவையானது விவரம் ஒன்றுதான். எந்தத் தாளாக இருந்தாலும் தபசில்வரை படியுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.